பனிக்காலத்தில் தெரியாத காட்டுப் பாதையில் தனியாக ஒரு நாள்

கோடையில் நாலு முறை நடந்த பாதையாகவே இருந்தாலும், பனி விழுந்த பிறகு அதைப் புதுப் பாதை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருக்க, போகாத பாதைக்குத் தனியாகப் போவதென்றால் முதல் நாள் இரவே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். நான் நடப்பது பெரும்பாலும் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள வைட் மவுண்டன்ஸ் மலைகளில், பாஸ்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். அதனால் அந்தக் காட்டை வைத்தே சொல்கிறேன்.

தனியாக, தெரியாத இடம், குளிர்காலம். இந்த மூன்றும் சேரும் நாளில் சிகரம் வேண்டாம். அங்கே மவுண்ட் வாஷிங்டன் 1,917 மீட்டர்தான், ஆனால் 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியில் காற்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் அடித்ததை அளந்திருக்கிறார்கள். மரங்கள் வளரும் உயரத்தைத் தாண்டி மேலே போனால் ஒதுங்க இடமே கிடையாது. பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். லிங்கன் வுட்ஸ் பாதை எனக்குப் பிடித்த தொடக்கம், 1948 வரை மரம் ஏற்றிக்கொண்டு ரயில் ஓடிய தடம் அது, அதனால் ஏற்றமே தெரியாது, பனிச்சரிவு விழும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளும் வழியில் குறுக்கிடாது. இரண்டரை மைல் தாண்டியதும் பிளாக் பாண்ட் என்ற குளத்துக்கு ஒரு கிளை பிரிகிறது, முக்கால் மைல் சொச்சம்தான். பெரிய பாதை எல்லோரும் மிதித்துக் கெட்டியாக இருக்கும், கிளையில் ஒரு காலடி கூட இல்லாமல் இருக்கலாம். தேடிக் கண்டுபிடிக்கும் அனுபவம் வேண்டுமானால் அந்த முக்கால் மைலே போதும், தப்பாகிவிட்டாலும் பெரிய பாதை பக்கத்திலேயே இருக்கிறது.

புறப்படும் முன் சாலையைப் பாருங்கள். ஜீலண்ட் சாலை மாதிரி சில காட்டுச் சாலைகளைக் குளிர்காலத்தில் கேட் போட்டு மூடிவிடுவார்கள். பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே மூன்றரை மைல் நடக்க வேண்டி வரும்.

அப்புறம் நேரக் கணக்கு. மணிக்கு மூன்று மைல், ஆயிரம் அடி ஏற்றத்துக்கு அரை மணி கூடுதல் என்று 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு மிதிக்காத பனியில் எடுபடாது, அதில் பாதி வேகம் கிடைத்தாலே நல்லது. டிசம்பரில் அங்கே மாலை 4:10 சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும். காலை 7:30க்குத் தொடங்கினால் 11:30க்கு எங்கே இருந்தாலும் காரை நோக்கித் திரும்பிவிடுவேன், குளம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி. அந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்: கார் எங்கே நிற்கும், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்குள் ஃபோன் வராவிட்டால் அவசர உதவி எண் 911ஐ அழைக்க வேண்டும். "சாயங்காலம் வந்துவிடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தேடுபவர்களுக்கு ஒரு பயனும் இல்லை.

இனி பாதையைக் கண்டுபிடிப்பது. எனக்கு இதுதான் முக்கியம். மரத்தில் கண் உயரத்துக்கு அடித்திருக்கும் பெயின்ட் குறி, பனி ஒரு மீட்டர் ஏறியதும் இடுப்புக்குக் கீழே போய்விடும், அல்லது பட்டையில் ஒட்டிய பனியில் மறைந்துவிடும். பெமிஜவாசெட் போன்ற, வனமாகவே விடப்பட்ட பகுதிகளில் குறிகள் முதலிலேயே அரிது. இலையுதிர்ந்த பிர்ச் காட்டில் நாலு பக்கமும் பாதை மாதிரியே தெரியும். அங்கே நான் தேடுவது ரம்பத்தால் அறுத்த மர முனைகளை, ஏனென்றால் விழுந்த மரத்தை மனிதர் அறுத்து ஒதுக்குவது பாதைக்காகத்தான். ஊசியிலைக் காட்டில் தலையைத் தூக்கிப் பாருங்கள், உச்சிக் கிளைகளுக்கு நடுவே வானம் நீளமாக ஒரு கோடு போல் தெரிந்தால் அதற்குக் கீழேதான் பாதை. பனியின் மேல் லேசான பள்ளம் ஒன்று தொடர்ந்து ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தவர் காலடியை நம்பாதீர்கள். ஒருமுறை ஸ்னோஷூ (பனியில் புதையாமலிருக்கக் காலணிக்கு அடியில் கட்டும் அகலச் சட்டம்) தடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் போனேன், அது ஓர் ஓடைக் கரையில் நின்று அப்படியே திரும்பியிருந்தது. அவரும் வழி தவறியவர். பனிச்சறுக்குக்காரர்கள் வேண்டுமென்றே பாதையை விட்டு நல்ல சரிவுக்குப் போவார்கள். மூஸ் என்ற பெரிய மான் நடந்த ஆழமான தடம்கூடத் தூரத்தில் ஆள் நடந்த பாதையாகத் தெரியும். சந்தேகம் வந்த இடத்திலேயே நின்று, நிச்சயமாகத் தெரிந்த கடைசி அடையாளம் வரை திரும்பி நடங்கள், அங்கிருந்து மறுபடி தேடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் திரும்பி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வரும்போது அந்த இடம் அப்படித்தான் தெரியும். உங்கள் சொந்தத் தடத்தையும் நம்ப முடியாது, காற்றடித்தால் கொஞ்ச நேரத்தில் மூடிவிடும்.

ஃபோனில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்து, நடந்த தடத்தைப் பதிவு செய்துகொண்டே போங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும் என்பதால் ஃபோன் உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். காகித வரைபடமும் காந்தத் திசைகாட்டியும் கட்டாயம். அந்தப் பக்கத்தில் முள் உண்மை வடக்கிலிருந்து சுமார் 14 பாகை மேற்கே தள்ளிக் காட்டும், அதைச் சரிசெய்யாமல் நடந்தால் ஒரு மைலுக்குள் எங்கேயோ போய்விடுவீர்கள்.

உடையில் பருத்தி வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் காயாது. கிளம்பும்போது கொஞ்சம் குளிர்கிற மாதிரியே நடக்கத் தொடங்குங்கள், வியர்வைதான் பின்னால் குளிரடிக்க வைக்கும். நின்றவுடன் தடித்த ஜாக்கெட், நடந்தவுடன் கழற்றிப் பையில். கையுறை கூடுதலாக இரண்டு ஜோடி. கெட்டித்த பாதைக்குக் காலணி மேல் மாட்டும் முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக், ஆழமான பனிக்கு ஸ்னோஷூ, இரண்டையும் கொண்டு போங்கள். பனியில் மூழ்கிக் கிடக்கும் சிறு ஸ்ப்ரூஸ் மரங்களின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கிற இடத்தைச் சுற்றிப் போங்கள், கிளைகளுக்கு அடியில் வெற்றிடம் இருக்கும், இடுப்பு வரை இறங்கிவிட்டால் தனியாக ஏறி வருவது பெரும்பாடு.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேல்பக்கம்தான் முதலில் உறையும் என்பதால் மூடிப் பக்கம் திறந்தபடி இருக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை உறைந்துவிடும். பிளாஸ்க்கில் இஞ்சி டீ, கடலை மிட்டாயைச் சின்னத் துண்டுகளாக உடைத்துச் சட்டைப் பையில், முந்திரி கொஞ்சம். பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள்.

ஓடையின் மேல் படிந்த பனியை நம்பிக் கால் வைக்காதீர்கள், அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் அந்த இடம் வேண்டாம். மைனஸ் 10 செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. முழங்கால் நனைந்துவிட்டால் அன்றைய நடை முடிந்தது, நேராகக் கார்தான். பேச்சு குழறுகிறது, கால் தடுமாறுகிறது என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாததால் அரை மணிக்கு ஒருமுறை கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியாவிட்டால் ஜாக்கெட்டைப் போட்டு, எதையாவது சாப்பிட்டு, உடனே திரும்புங்கள்.

ஹெட்லாம்ப், மாற்று பேட்டரி, விசில், உட்கார நுரைப் பாய், உடம்பு நுழையும் அவசரப் பை, தீப்பெட்டி, இவை இல்லாமல் நான் காரைவிட்டு இறங்குவதில்லை. ஐஃபோன் 14லும் அதற்குப் பிந்தையவற்றிலும் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியே அவசர உதவி கேட்கலாம், ஆனால் அடர்ந்த மரங்களுக்கு அடியில் அது தடுமாறும், வானம் தெரியும் வெட்டவெளிக்கு நகர்ந்து முயலுங்கள்.

காருக்கு வந்ததும் ஈரச் சட்டையை மாற்றி, வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். அங்கே சிக்னல் இல்லை என்றால் ஊருக்குள் வந்ததும் முதல் வேலை அதுதான். அப்புறம் நினைவு பசுமையாக இருக்கும்போதே எந்த இடத்தில் தயங்கினீர்கள், எந்த அடையாளம் வழி காட்டியது என்று வரைபடத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். அடுத்த முறை அங்கிருந்து தொடரலாம்.