மலைநாட்டுக்குச் சின்னக் குழுவோடு வருகிற தம்பிமாருக்கு

போன மாதம் ஹோர்டன் சமவெளியின் பட்டிப்பொல வாசலில் ஒரு வழிகாட்டித் தம்பியைப் பார்த்தேன். காலை ஒன்பதே கால். வேனில் ஆறு பேர், எல்லோரும் புதிதாக வாங்கிய மழைச் சட்டையில். டிக்கெட் வரிசையில் நின்றபடியே திரும்பி அவர்களிடம் "உலகமுடிவு (அந்தச் செங்குத்துப் பள்ளம்) இன்றைக்கு நன்றாகத் தெரியும்" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அப்போதுதான் என் ஆட்களோடு வெளியே வந்துகொண்டிருந்தேன். நாங்கள் திரும்பும்போதே மூடுபனி பின்னாலேயே நடந்து வந்தது. அந்தத் தம்பி ஆறு பேரையும் கூட்டிப்போய் ஒரு வெள்ளைச் சுவரைத்தான் காட்டியிருப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் என் முதல் வருடத்தில் நான் செய்ததும் அதேதான்.

தலதா மாளிகைக்குக் கையில்லாத சட்டையோடு போகாதீர்கள், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள், போயா (பௌர்ணமி) அன்று பியர் தேடாதீர்கள் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது தெரியாமல் யாரும் இந்த வழிகாட்டித் தொழிலுக்கு வருவதில்லை. தெரிந்த மாதிரி இருந்து தெரியாமல் போகிற விஷயங்கள் வேறு.

உலகமுடிவுக்கு நேரம் உண்டு

ஹோர்டன் சமவெளியின் வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீட்டர்தான், ஆனால் அம்பேவெல வழியாக ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளே சுற்றுப்பாதை ஒன்பதரை கிலோமீட்டர். 800 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிற அந்தப் பள்ளம் பெரும்பாலான நாட்களில் ஒன்பது, ஒன்பதரை வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரியும், அதற்குப் பிறகு கீழேயிருந்து பனி ஏறி வந்து மூடிவிடும். ஆகவே ஓட்டலில் காலைச் சாப்பாடு முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்ற பேச்சே வேண்டாம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கு முன்னால் கிளம்புங்கள், அதையும் கடதாசியில் கட்டச் சொல்லுங்கள். வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், அந்த நேரத்தில் பின்னால் நிற்கிற வரிசை உங்களைத் திட்டும். முதலில் உலகமுடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி அப்புறம். அருவி எங்கேயும் போகாது.

வரைபடத்தின் கிலோமீட்டர்

நம்பாதீர்கள். கண்டியிலிருந்து நுவரெலியா எண்பதுக்கும் குறைவுதான், மூன்று மணி நேரம் போட்டுக்கொள்ளுங்கள்.

கொழுந்து மலைக்குள் ஆட்களை இறக்குவது

இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் ரோட்டோரம் வேன் நிற்பதையும், பத்துப் பேர் கமராவோடு தேயிலைக்குள் இறங்குவதையும் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து பறித்தவர். அப்படியிருந்தும் இந்தத் தவறைச் செய்தவன் நான், அதனால் வெளியூர்க்காரத் தம்பிமாரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தக் குழுவில் எட்டுப் பேர், நல்ல மனிதர்கள்தான். ஒரு தோட்டத்து ரோட்டில் போகும்போது பக்கத்து மலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்று இருக்கும். "நிறுத்தலாமா?" என்று ஒருவர் கேட்டார், நான் நிறுத்தினேன். அவர்களோடு தமிழில் நாலு வார்த்தை பேசினேன், அவர்களும் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. படம் எடுத்தார்கள். தலையை நிமிர்த்தச் சொன்னார்கள். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் படத்துக்கு அழகாக இல்லை என்று கழற்றச் சொன்னார் ஒருவர், அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அப்புறம் ஒரு அம்மாவுக்குத் தானும் பறித்துப் பார்க்க ஆசை. ஒரு அக்காவின் பக்கத்தில் நின்று இரண்டு கையாலும் கிடைத்ததையெல்லாம் கிள்ளி அந்த அக்காவின் சாக்கிலேயே போட்டார். எல்லோரும் கை தட்டினோம். அரை மணி நேரம் போனது தெரியவில்லை.

கெட்ட நேரம், நிறுக்கிற இடம் நாங்கள் வேன் நிறுத்திய வளைவுக்குக் கீழேயே இருந்தது. "அதையும் பார்க்கலாம்" என்று கூட்டிப்போனேன். அந்த அக்காவின் முறை வந்தது. சாக்கை உதறியதும் மேலே முத்தின இலையும் காம்புமாகக் கிடந்தது. நிறுக்கிறவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கழித்தார். தண்ணீருக்கும் சாக்குக்கும் வழக்கமாகக் கழிப்பது தனி. அந்தத் தோட்டத்தில் அப்போது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டியது 18 கிலோ. பறிக்காமல் நின்ற அரை மணி நேரத்தையும் கழித்த இலையையும் சேர்த்துப் பார்த்தால், சாயந்தரம் வரை விரட்டிப் பறித்தாலும் எட்டாது என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கோபமே இல்லாமல் சொன்னார்: "தம்பி, இன்னைக்கி அரைப்பேருதான்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். படத்துக்குச் சிரித்ததற்கு அந்த அக்கா கொடுத்த விலை அது. நான் அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து 500 ரூபாயை எடுத்து நீட்டினேன், மற்றப் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அவர் வாங்கவில்லை. அந்த நேரத்தில் அப்படி நீட்டியது முதல் தவறைவிடப் பெரிய தவறு என்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோதுதான் புரிந்தது. அம்மா திட்டவில்லை, சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டார். துரை (தோட்டத்து மேலாளர்) காதுக்கு விஷயம் போய், இரண்டு வருடம் அந்தத் தோட்டத்து ரோட்டில் என் வேன் நுழைய முடியவில்லை. நான் போட்டு வைத்திருந்த பாதையில் பாதி அந்த ரோட்டை நம்பித்தான் இருந்தது, அந்த சீசனில் இரண்டு குழுவைக் கைவிட்டேன்.

சரி, அப்படியானால் தேயிலை மக்களைக் காட்டவே வேண்டாமா? காட்டலாம், ஆனால் வேலை நேரத்தில் வேண்டாம். பறிக்கிறதை ரோட்டிலிருந்தே பார்க்கட்டும், ஐந்து நிமிடம் போதும். இலை என்னவாகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போங்கள், வாட்டுவது முதல் சலிப்பது வரை அங்கே முறையாகக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இல்லாததால் திங்கள் காலையில் மெசின் ஓடாத ஸ்டோர்கள் உண்டு, முன்கூட்டியே கேளுங்கள். பேச வேண்டுமென்றால் சாயந்தரம். முதல் நாளே ஒரு குடும்பத்திடம் கேட்டு, என்ன கொடுப்பது என்று பேசி முடித்து, நாலு பேராக லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில் உட்கார்ந்து பிளேன்டீ குடியுங்கள். காம்பிராவுக்குள் (அறைக்குள்) எட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். 1820களில் நம் ஆட்கள் கோப்பித் தோட்டங்களுக்காக வந்தது, 1869இல் கோப்பிக்கு நோய் வந்தது, அதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது, 1948இல் நம் ஆட்களின் குடியுரிமை போனது எல்லாவற்றையும் நீங்கள் வேனில் மைக் பிடித்துச் சொல்வதைவிட, அந்த இஸ்தோப்பில் ஒரு பாட்டி தன் அடையாள அட்டை எந்த வருடம் கைக்கு வந்தது என்று சொல்வது நன்றாகப் போய்ச் சேரும்.

ரோட்டோரம் பட்டுச் சேலையும் மூங்கில் கூடையுமாகப் படத்துக்காகவே நிற்கிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது அவர்களுடைய பிழைப்பு, காசு கொடுத்துப் படம் எடுங்கள். இதுதான் கொழுந்து பறிப்பது என்று மட்டும் உங்கள் ஆட்களிடம் சொல்லாதீர்கள்.

பதினைந்து நிமிடக் காமன் கூத்து

ஓட்டல் புல்வெளியில், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், ரதி மன்மதன் இரண்டே பேர். ஒருமுறை நானும் ஏற்பாடு செய்தேன், செய்திருக்கக் கூடாது. மாசி மாதம் மூன்றாம் பிறை கண்டு காமன் ஊன்றி, பௌர்ணமி வரை வளர்த்து, விடிய விடிய ஆடித் தகனம் செய்கிற கூத்து அது. வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் இருக்கிறார்கள். மாசியில் வருகிற குழுவானால் தோட்டத்துக்கே கூட்டிப்போய்ப் பாய் போட்டு உட்கார வையுங்கள், ஃபிளாஷ் போடக்கூடாது என்று சொல்லி வையுங்கள். ஆட்டத்துக்கு முன் தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சுகிற இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள், தோல் இறுக இறுகச் சத்தம் மாறுவதைக் கேட்டு என் குழுவில் ஒருவர் ஆட்டம் தொடங்கியும் அங்கிருந்து நகரவில்லை. ஆனால் அடுத்த நாள் விடியக்காலம் சமவெளி போடாதீர்கள். ராத்திரிக் கூத்தும் காலைப் பறவையும் ஒரே ஆளுக்கு ஒத்து வராது, நடுவில் ஒரு சோம்பல் நாள் வேண்டும்.

மாசி இல்லாத மாதமா? காமன் கூத்து இல்லை. அவ்வளவுதான்.

சிறுத்தை தெரியும் என்று சொல்வது

தேயிலைக்கு நடுவில் இருக்கிற காட்டுத் துண்டுகளில் சிறுத்தை இருக்கிறது, லயத்து நாய்களை அடிக்கிறது, இதெல்லாம் உண்மை. அதை வைத்து "பார்க்கலாம்" என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். நீங்கள் பார்க்கப் போவது பெரும்பாலும் காலடித் தடம்தான். பன்றிக்குப் போட்ட கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுவதும் இங்கே நடக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அதைச் சொல்லுங்கள், தடத்தைக் காட்டுங்கள். ஏமாற்றம் இருக்காது.

போனில் பறவைக் குரல் போடுவது

சமவெளிக்குப் போகிற வழியில் அரேங்கா குளம் என்று சின்னதாக ஒன்று இருக்கிறது. விசிலிங் திரஷ் என்கிற கருநீலப் பறவையின் பழைய பெயரில்தான் அந்தக் குளத்தை அழைக்கிறார்கள். இலங்கையைத் தவிர வேறு எங்கும் இல்லாத பறவை, விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வரும். வரவில்லையென்றால் போனில் குரலைப் போட்டு இழுக்கிறார்கள். இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அது கூட்டை விட்டுவிட்டு அலைகிறது. ஒரு நாளைக்கு ஐந்து வேன், ஐந்து போன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மரைக்கு (சமவெளி மானுக்கு) தீனி

போடாதீர்கள்.

மழை

மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் நனையும், பதுளைப் பக்கம் பெரும்பாலும் காயும். வருடக் கடைசியில் பதுளைப் பக்கத்துக்கு மழை. பட்டிப்பொலைக்கும் ஓஹியாவுக்கும் நடுவில் ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது தூறலும் வெளியே வரும்போது வெயிலுமாக நானே பார்த்திருக்கிறேன். ஆகவே "மலைநாட்டில் எப்போது மழை?" என்று கேட்கிறவர்களிடம் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேளுங்கள்.

சிவனொளிபாதமலை

டிசம்பர் போயாவிலிருந்து மே போயா வரை சீசன். மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, தேநீர்க் கடையும் இல்லை, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி மட்டும் அப்படியே இருக்கும்.

ரயில்

நானுஓயாவில் ஆட்களை ஏற்றிவிட்டு வேனை எல்லவுக்கு அனுப்புவது எல்லோரும் செய்வதுதான். பெட்டியெல்லாம் வேனில் இருக்கட்டும், ஆனால் மருந்தும் குளிர்ச் சட்டையும் கையில் இருக்கிறதா என்று மேடையிலேயே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். நான் ஒருமுறை கேட்கவில்லை. ரயில் பட்டிப்பொலையைத் தாண்டி நின்றுவிட்டது, 1,900 மீட்டர் உயரத்துக் குளிரில் மூன்று மணி நேரம். ஒரு ஐயா அரைக்கைச் சட்டையோடு என் சாரத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லவில் இறங்கின பிறகும் அவர் அதைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.