பேட்டையில் பழைய கல் கிடக்கிறதா? முதலில் வாளியைக் கீழே வையுங்கள்

எழுத்து வெட்டிய பழைய கல்லைக் கண்டதும் கழுவிவிட வேண்டும் என்றுதான் கை துறுதுறுக்கும். எனக்கும் அப்படித்தான். வடசென்னையில் ஓர் அடிபம்புக்குப் பக்கத்தில் பாதி புதைந்து கிடந்த பலகைக் கல்லை இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்தேன். பாசி போனது, கூடவே இரண்டு எழுத்துகளின் விளிம்பும் போனது. அவை என்ன எழுத்துகள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதனால் கல்வெட்டைப் படமெடுத்துப் படிக்கும் இந்தச் செய்முறையில் சுத்தம் செய்யும் படியே கிடையாது.

ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள்

நீங்கள் அடிக்கடி கடக்கும் கல்லாக இருந்தால் நல்லது. பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு தூண் நிற்கிறது. 1758-59இல் பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்ட அனுபவத்துக்குப் பிறகு, கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும், இந்த எல்லைக்குள் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் நட்டவற்றில் மிஞ்சியது அது.

இன்னும் பழசு வேண்டுமா? திருவொற்றியூர் தேரடியில் இறங்குங்கள். தியாகராஜர் கோயிலின் மூலக் கருவறை முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்டது. பின்புறம் படுத்த யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். கட்டியவர் பெயரும் கல்வெட்டில் உண்டு: ரவி என்ற வீரசோழத் தச்சன். அந்தக் கோயிலில் மட்டும் நூற்றுக்கு மேல் கல்வெட்டுகள்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள்

நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து மறைந்துவிடும். டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். இடம், வலம், மேல், கீழ் என்று நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒன்றில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும். உச்சிவெயிலில் மாட்டிக்கொண்டால் கல்லுக்குக் குடை பிடித்துவிட்டு டார்ச் அடியுங்கள். அளவு தெரிய ஓரமாக ஒரு ஸ்கேல் வைக்க மறக்காதீர்கள்.

மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் எழுத்தில் தடவ வேண்டாம். ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படி பழகிய கைகளின் வேலை, அதற்கு அனுமதியும் வேண்டும். கல்லைப் பெயர்த்துப் பத்திரமான இடத்தில் வைக்கலாமே என்றும் தோன்றும். வேண்டாம், கிடக்கும் இடமே பாதிக் கதை.

கோயிலுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எனவே செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகே படம்.

நாலு சொல் படித்துப் பாருங்கள்

சோழர் காலத் தமிழ் முழுதும் புரியாது, கவலை வேண்டாம். மெய்யெழுத்தின் மேல் பெரும்பாலும் புள்ளி இருக்காது. 'எ', 'ஏ' இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தொடக்கத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல் இருக்கிறதா பாருங்கள். அடுத்து 'யாண்டு' என்பதைத் தேடுங்கள், அது அரசன் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்பது. பிறகு ஊர் வரும். திருவொற்றியூர்க் கல்வெட்டுகளில் 'புழற்கோட்டம்' என்று வரும். புழல் என்றதும் நமக்கு ஏரியும் ஜெயிலும்தான் நினைவுக்கு வருகின்றன, அவர்களுக்கோ அது ஒரு நிர்வாகப் பிரிவு! கோயில் விளக்கெரிக்கும் நெய்க்காக 90 ஆடு கொடுத்த கணக்கு வந்தால், 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடரும் சில நேரம் கூடவே வரும். செத்ததுக்குப் பதில் குட்டி சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் தொடரை முதல்முறை படித்துப் புரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாரிடம் சொல்வது

படம், அளவு, இருக்கும் இடம் மூன்றையும் வைத்து மாநிலத் தொல்லியல் துறைக்குக் கடிதம் போடுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பொருள் என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னமாக இருந்தால் 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை, அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

அப்புறம், தெருவுக்குச் சொல்லுங்கள்

கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் கல்லுக்குப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். அதைத் தடுக்கக்கூடியவர்கள் தெருக்காரர்கள்தான். டீக்கடையில் ஒரு படத்தை ஒட்டுங்கள், ஞாயிறு காலை பிள்ளைகளைக் கூட்டி வந்து டார்ச்சை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

அடிபம்புக் கல்லுக்கு நான் மறுபடி போனபோது, அதில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆயா, "இன்னா நைனா, கல்லுக்குப் போயி கொடை புடிச்சினுகீற?" என்றார். குனிந்து பார்க்கச் சொல்லி டார்ச்சைச் சாய்த்தேன். தேய்ந்தது போக மிச்சமிருந்த 'யாண்டு' தெரிந்தது. ராஜா காலத்து வருஷக் கணக்கு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் விரலால் தடவிப் பார்த்தார். "சரி, இனிமே இதுல தொவைக்கல. எனுக்கு வேற கல்லு யார் குடுப்பா?"

அடுத்த வாரம் கடப்பாக் கல் ஒன்று வாங்கிப் போட்டோம், 350 ரூபாய்.