லினக்ஸில் வைஃபை வராதபோது எங்கே பார்ப்பது

கடலூரில் எங்கள் மஞ்சக்குப்பம் பக்கம், பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் சில வீடுகளின் பரணில் இருக்கிறது. அதை எடுத்துத் தூசி தட்டி டெபியன் என்ற லினக்ஸ் வகையை நிறுவுகிறவர்கள் முதலில் சொல்லும் குறை வைஃபை வரவில்லை என்பதுதான். லினக்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், கணினியின் மேல் ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயரை மறந்துவிட்டு, உள்ளே இருக்கும் வைஃபை சிப் எது என்று பார்க்க வேண்டும். ஒரே பெயரில் விற்கும் யுஎஸ்பி வைஃபை டாங்கிளில்கூட (கணினியில் செருகும் சிறு வைஃபை கருவி) வெர்ஷன் மாறும்போது சிப் மாறிவிடுவதுண்டு. ஆகவே புதுச்சேரி நேரு வீதியில் வாங்கப் போனாலும் மாடல் பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் 'எல்எஸ்பிசிஐ' என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடு போட்டு 'என்என்கே' என்று சேர்த்தால், ஒவ்வொரு சிப்பின் பெயரும் எண்ணும் வரிசையாக வரும். நிறுவன எண் 8086 என்றிருந்தால் அது இன்டெல். தன் பழைய பிராசஸரின் பெயரையே அந்நிறுவனம் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டது. டாங்கிளுக்கு 'எல்எஸ்யுஎஸ்பி' போதும்.

சிப்பின் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால், சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் பொருந்திவிட்டது. அந்த வரி இல்லாமல் 'கெர்னல் மாட்யூல்ஸ்' என்பது மட்டும் இருந்தால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் டிரைவர் இருந்தபோதும் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. பெரும்பாலும் அது ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு நிரல். டிரைவரின் மூலநிரல் திறந்ததாக இருந்தாலும் இந்த நிரல் பெரும்பாலும் மூடியதாகவே இருக்கும். நிர்வாகி அனுமதி தரும் சூடோவுடன் 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையைக் கொடுத்தால், எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று கெர்னலே சொல்லிவிடும். இதனால்தான் நீண்ட விவாதத்துக்குப் பின், 2023இல் வந்த டெபியன் 12 முதல் இத்தகைய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்த்தார்கள். பழைய வட்டை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடுவதே நல்லது.

இரண்டு வரியும் இல்லையென்றால், கெர்னல் அந்தச் சிப்பை அறியாது. புதிய ரியல்டெக் சிப்களுக்கான ஆர்டிடபிள்யூ89 டிரைவர் 5.16 கெர்னலில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய கெர்னலில் தேடிப் பயனில்லை, கெர்னலைப் புதுப்பிக்க வேண்டும். பழைய பிராட்காம் சிப்கள் சிலவற்றுக்கு அந்நிறுவனத்தின் மூடிய டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். அது டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகக் கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி உருவாக்கப்படுவதால், கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யாவிட்டால் ஏறாது. மறுதொடக்கத்தின்போது வரும் நீலத் திரையைப் பிழை என்று நினைத்துப் பலர் கடந்துவிடுகிறார்கள். சாவியை ஏற்க வேண்டிய இடமே அதுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு இல்லையெனில் 'ஆர்எஃப்கில்' கட்டளையைப் பாருங்கள். ஹார்டு பிளாக் என்று வந்தால், கணினியின் ஓரத்திலுள்ள வைஃபை சுவிட்சோ விசையோ அணைந்திருக்கும்.

ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டுமே என்று தவிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து கைபேசியின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கை இயக்கினால், வைஃபை டிரைவர் இல்லாமலே இணையம் வந்துவிடும்.