சுவர் கொத்தாமல் திருட்டு அலாரம்: புதிதாக இறங்கும் எலக்ட்ரீஷியனுக்கு ஒரு செய்முறை

குடிவந்துவிட்ட வீட்டில் வயர் அலாரம் போடுவது யாருக்கும் கட்டுப்படியாவதில்லை. சுவர் கொத்தி, பைப் புதைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் கூலி பொருளின் விலையைத் தாண்டிவிடும். மேலே கேசிங் ஓட்டலாம் என்றால் வீட்டம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். சிசிடிவி, இன்வெர்ட்டர் வேலை பார்ப்பவர்கள் பலரும் அலாரத்தைத் தொடாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

வயர்லெஸ் அலாரம் புதிதல்ல. பழைய மலிவு செட்டுகளை நம்பி மாட்ட முடியவில்லை, அவ்வளவுதான். அவை பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், இவி1527 போன்ற மாறாத குறியீடு அனுப்பும் சிப்பில் ஓடுபவை. கதவு திறந்தால் சென்சார் ஒரு குரல் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். பேனல், அதாவது சென்சார்களின் செய்தியை வாங்கி சைரனை அடிக்கும் மையப் பெட்டி, கேட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பேட்டரி செத்துப்போனால் சத்தமே வராது. பேனலோ கதவு மூடியிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, ரிமோட் அனுப்பும் குறியீட்டைப் பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பினால் அலாரத்தையே அணைத்துவிடலாம்.

இப்போது கிடைக்கும் நல்ல செட்டுகள் இருவழியில் பேசுபவை. சென்சார் செய்தி அனுப்பும், பேனல் ‘கிடைத்தது’ என்று பதில் தரும், பதில் வராவிட்டால் சென்சார் மறுபடி அனுப்பும். எதுவும் நடக்காதபோதும் குறித்த இடைவெளியில் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டவை. ஒரு சிறிய வீட்டை ஒரே நாளில் முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்ற நிலை வந்தது இதனால்தான். ஆனால் வயர் இழுப்பதில் மிச்சமாகும் நேரத்தில் பாதியைச் சிக்னல் சோதனைக்கும் சென்சாருக்கு இடம் பார்ப்பதற்கும் செலவிட வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்குத்தான் நள்ளிரவில் போன் வரும்.

படி 1: செட்டைத் தேர்ந்தெடுப்பது

அட்டைப்பெட்டியில் முதலில் அலைவரிசையைப் பாருங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இத்தகைய கருவிகளுக்குப் பயன்படுத்தக்கூடியது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. ஐரோப்பிய மாடல்கள் பல 868-க்கு மேலே ஓடுபவை. அமெரிக்க மாடல்களின் 902–928 வரிசையில் ஒரு பகுதி இங்கே செல்போன் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவுக்கான மாடலா, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. சான்று உண்டா என்று டீலரிடம் கேளுங்கள். அலாரங்களுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 50131-ல் கிரேடு 2 என்று போட்டிருந்தால் வீட்டுக்குப் போதும்.

அடுத்தது சிம். 2ஜி மட்டும் உள்ள பேனலை வாங்காதீர்கள். ஜியோவுக்கு 2ஜி கிடையாது என்பதால் அந்த சிம் அதில் வேலை செய்யாது. 4ஜி சிம், பிராட்பேண்ட் இரண்டும் ஏற்கும் பேனலே நல்லது.

கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை. மேலே ஒரு படுக்கையறை, மொட்டை மாடிக் கதவு. இப்படி ஒரு வீட்டுக்கு வேண்டியவை: பேனல் 1, கதவு சென்சார் 3 (வாசல், கொல்லை, மாடி), பி.ஐ.ஆர். அசைவு சென்சார் 2 (ஹால், மாடிப்படி முகப்பு), கீபேட் 1, ரிமோட் 2, உள் சைரன் 1, வெளி சைரன் 1. ஒவ்வொரு ஜன்னலுக்கும் சென்சார் விற்கப் பார்க்காதீர்கள். கம்பி போட்ட ஜன்னலை அறுத்துக்கொண்டு வருபவனும் ஹாலைக் கடந்துதான் போக வேண்டும், அங்கே பி.ஐ.ஆர். அவனைப் பிடித்துவிடும்.

படி 2: டிரில்லை எடுப்பதற்கு முன் சிக்னல்

பேனலை வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். மாடி வீடு என்றால் மாடிப்படி அருகில் வைப்பது நல்லது. படிக்கட்டுத் திறப்பு வழியாக அலை மேலே ஏறும், ஆர்.சி.சி. தளத்தைத் துளைக்க வேண்டியதில்லை. இரும்பு பீரோவின் மேல், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்னால் எல்லாம் வைக்கக் கூடாது. வைஃபை ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியே இருக்கட்டும்.

எல்லா சென்சாரையும் மேசையிலேயே பேனலுடன் சேர்த்து, பெயர் கொடுத்துவிடுங்கள். ‘சென்சார் 3’ என்று விட்டால் இரவில் யாருக்கும் எதுவும் புரியாது. ‘கொல்லைக் கதவு’ என்று எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மாட்டப்போகும் இடத்தில் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, கதவுகளை எல்லாம் சாத்திவிட்டுச் சிக்னல் டெஸ்ட் ஓட்டுங்கள். மூன்று கோட்டில் குறைந்தது இரண்டு கோடு வர வேண்டும். ஒரு கோட்டோடு திருப்திப்பட்டால், நாளை ஒரு ஃபிரிட்ஜை இடம் மாற்றியதும் அதுவும் போய்விடும். பல நேரங்களில் சென்சாரை ஒரு சாண் நகர்த்தினாலே போதும். அதற்கும் மசியாவிட்டால், நடுவில் நின்று சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்.

படி 3: கதவு சென்சார்

கீல் இல்லாத பக்கத்தில், மேலே. பெரிய பாகம் நிலையில், காந்தம் கதவில். இடைவெளி பொதுவாக ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். மரக்கதவு மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஆகவே கடைசி மில்லிமீட்டர் வரை இழுத்து வைக்காமல் பாதி அளவில் நிறுத்துங்கள். இரும்புக் கதவிலோ கிரில்லிலோ நேராக ஒட்டினால் இரும்பு காந்தப்புலத்தை இழுத்துக்கொள்ளும், ஆன்டெனாவும் கெடும். அடியில் ஒரு பிளாஸ்டிக் கட்டை வையுங்கள்.

டபுள் சைடு டேப்பை மட்டும் நம்பாதீர்கள். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் பூசிய சுவரில் டேப் பிடிப்பது சுவரை அல்ல, மேலே இருக்கும் பொடியை. ஒரு கோடைக்குள் விழுந்துவிடும். ஸ்க்ரூவும் ரவுல் பிளக்கும் போடுங்கள். பெயர்த்தால் கத்தும் டேம்பர் சுவிட்ச் சில மாடல்களில் அந்த ஸ்க்ரூவை வைத்துத்தான் வேலை செய்கிறது.

படி 4: பி.ஐ.ஆர்., அதிகம் தப்பு நடக்கும் இடம்

பி.ஐ.ஆர். எதையும் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்துக்கும் உடம்புக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறுக்கே நகர்வதைத்தான் உணர்கிறது. இந்த ஒரு வரி புரிந்தால் மீதி எல்லாம் தானாக வரும்.

ஆள் சென்சாரை நோக்கி நேராக நடந்து வந்தால் தாமதமாகத்தான் தெரியும், குறுக்கே போனால் உடனே. அதனால் வாசலுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டு மூலையில், 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். ஏப்ரல், மே மாத மதியத்தில் பூட்டிய மாடி அறை 37 டிகிரியைத் தொடும். உடம்பும் சுவரும் ஒரே சூட்டில் இருந்தால் சென்சாருக்குக் கண் மங்கும். வெப்ப ஈடுசெய்யும் வசதி உள்ள மாடலை எடுத்துவிட்டு, நடைச் சோதனையை மதியத்திலும் ஒருமுறை செய்யுங்கள்.

பொய் அலாரம் எங்கிருந்து வருகிறது? வெயில் நேராக விழும் ஜன்னல், ஏசி காற்றில் ஆடும் திரை, பூஜை விளக்கு, இவற்றோடு பல்லி. பல்லி குளிர் ரத்தப் பிராணிதானே என்பார்கள். லென்ஸின் மேலேயே ஊர்ந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. டியூப்லைட்டுக்கு வரும் பூச்சியைத் தேடித்தான் பல்லி வரும், ஆகவே லைட்டை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். எறும்பு உள்ளே போகும் ஓட்டைகளைச் சிலிகானால் அடைத்துவிடுங்கள். நாய் இருக்கும் வீட்டில் ‘பெட் இம்யூன்’ மாடல் போட்டாலும், அந்த நாய் சோபா மேல் ஏறும் வீடு என்றால் அந்த அறைக்குப் பி.ஐ.ஆர். வேண்டாம்; கதவு சென்சார் போதும்.

படி 5: கரன்ட், நெட், சிம்

பேனலுக்குள் பேட்டரி உண்டு, கிரேடு 2-ல் 12 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் ரவுட்டருக்கு? நிறைய வீடுகளில் ரவுட்டர் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. கரன்ட் போன அடுத்த நொடி பிராட்பேண்ட் போய்விடும். பாயிண்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். போடுங்கள். சிம்மின் பின் லாக்கை எடுத்துவிட்டு மாட்டுங்கள். அந்த சிம்முக்கு யார், எந்தத் தேதியில் ரீசார்ஜ் செய்வது என்று எழுதி வையுங்கள். செயலிழந்த சிம்மைப் பலரும் கண்டுபிடிப்பது திருடு போன பிறகுதான்.

எச்சரிக்கை எண்களில் வீட்டுக்காரர், உறவினர், பக்கத்து வீட்டுக்காரர் இருக்கட்டும். 112-ஐத் தானியங்கி அழைப்பில் போடாதீர்கள்.

படி 6: நேரமும் சோதனையும்

அலாரத்தைப் போட்டுவிட்டு வெளியேற 60 நொடி, உள்ளே வந்து அதை அணைக்க 30 நொடி, சைரன் அடிப்பது 3 நிமிடம். வாசலுக்கும் ஹால் பி.ஐ.ஆருக்கும் மட்டும் தாமதம். கொல்லையும் மாடியும் உடனே கத்த வேண்டும். இரவு மோடில் பி.ஐ.ஆர். அணைந்து கதவுகள் மட்டும் விழித்திருக்கும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும் தாத்தாவே ஊரை எழுப்பிவிடுவார்.

பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். மெயினை அணையுங்கள், போனுக்குத் தகவல் வருகிறதா? ரவுட்டரை அணையுங்கள், சிம்முக்குத் தாவுகிறதா? ஒரு சென்சாரைச் சுவரிலிருந்து பெயருங்கள், உடனே சைரன் அடிக்கிறதா? இன்னொன்றின் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். ‘சென்சார் காணவில்லை’ என்று பேனல் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறியுங்கள். சொல்லவே இல்லை என்றால் மேலே சொன்ன பழைய ரகத்தைத்தான் புது டப்பாவில் வாங்கியிருக்கிறீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘உயிரோடு இருக்கிறேன்’ இடைவெளியை ரொம்பக் குறைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

படி 7: ஒப்படைப்பு

1234 போன்ற, கம்பெனி வைத்து அனுப்பும் ரகசிய எண்களை மாற்றுங்கள். ஆப்பில் அட்மின் உரிமை வீட்டுக்காரர் பெயரில் இருக்க வேண்டும், உங்களுடையதைச் சர்வீஸ் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். சென்சார் பட்டியல், பேட்டரி வகை, மாட்டிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதி அவரிடம், ஒன்று உங்களிடம்.

ஏ.எம்.சி. எனும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் பேசும்போது பேட்டரியையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். பல சென்சார்களில் சிஆர்123ஏ எனப்படும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் இருக்கும். ரீசார்ஜ் செய்யும் வகையின் வோல்டேஜ் வேறு, அதைப் போடாதீர்கள். ‘பேட்டரி குறைவு’ வந்த சென்சாரை மட்டும் மாற்றிவிட்டு வராமல், அதோடு ஒரே நாளில் மாட்டிய அதே வகை சென்சார்கள் அத்தனைக்கும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சில மாதங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை பெட்ரோல் போட்டுக்கொண்டு வர வேண்டியிருக்கும்.