சரிவு மனையில் வீட்டை எங்கே, எப்படி அமைப்பது?

டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து முதலில் சரிவை அளந்துவிடுங்கள். 30 அடிக்கு 6 அடி இறங்கினால் ஒரே மட்டத்தில் தளம் வேண்டாம். நடுவில் 3 அடி தாழ்த்தி இரண்டு மட்டமாகப் பிரிக்கலாம், அரையடிப் படி ஆறு போதும். வீட்டின் நீளப் பக்கம் சரிவுக்குக் குறுக்கே இருந்தால் வெட்டும் மண் குறையும்.

வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, அதன்மேல் அஸ்திவாரம் போடவே கூடாது. அந்தப் பாதி மட்டும் இறங்கி, சுவர் மூலைவாட்டில் விரிசல் விடும். தூண் குழி கெட்டி மண் வரை போகட்டும்.

மேல்பக்கத் தடுப்புச் சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீர்தான். அது வெளியேற, சுவரில் ஐந்தடிக்கு ஒரு 3 அங்குல பைப், பின்புறம் ஒன்றரை அங்குல ஜல்லி, சுவருக்கு மேலே மழைநீர்க் கால்வாய். செப்டிக் டேங்க் கீழ்மூலையில். வாஸ்து வேறு மூலையைச் சொன்னாலும் கழிவுநீர் மேடேறாது.