இரண்டு சித்தூரும் என் விளம்பரமும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் மூன்று கடைகளுக்கு நான் செய்த இணைய விளம்பரங்கள் நன்றாக எடுபட்டதால், சித்தூரில் ஒரு ஜவுளிக் கடையையும் ஏற்றுக்கொண்டேன். ஐந்து நாட்கள் அழைப்புகள் வந்தன. கடைக்கு ஒருவரும் வரவில்லை. படத்தை மாற்றினேன், மலையாளத்திலும் வாசகம் சேர்த்தேன், நாள் செலவை 200 ரூபாயிலிருந்து 400 ஆக்கினேன், பயனில்லை.

அழைத்தவர்களில் பலர் தெலுங்கில் பேசியதாகக் கடைக்கார அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் பொறி தட்டியது. விளம்பரம் எந்த ஊரில் தெரிய வேண்டும் என்று இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பாலக்காட்டுச் சித்தூருக்குப் பதிலாக ஆந்திரத்துச் சித்தூரைத் தொட்டிருந்தேன். ஆங்கில எழுத்தில் முன்னதற்கு ஒரு 'யு', பின்னதற்கு இரண்டு 'ஓ', அவ்வளவுதான் வேறுபாடு. அதை நீக்கிவிட்டு, வரைபடத்தில் கடையின் மேலேயே குறியிட்டு 15 கிலோமீட்டர் எல்லை வைத்தேன். இரண்டாம் நாளே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இப்போது ஊர்ப்பெயரை நம்பாமல், பின்கோடு 678101-ஆ, 517001-ஆ என்று பார்த்த பிறகே பணம் கட்டுகிறேன்.