உங்கள் பூனை ரத்தம் கொடுக்கத் தகுதியானதா? டெஸ்ட் எடுக்கும் வரிசை

டெல்டா பக்கம் ஒரு பூனைக்கு அவசரமாக ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால், பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டுப் பூனையைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அந்த நேரத்தில் நோய் இருக்கிறதா என்று பார்க்க அவகாசம் இருக்காது. அதனால் டெஸ்ட் எல்லாம் இப்போதே, எந்தப் பூனையும் நோயில் படுப்பதற்கு முன்பே முடித்து வையுங்கள். ரத்தம் எடுப்பது கால்நடை டாக்டர் வேலை, வீட்டில் முயற்சி வேண்டாம். எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் உங்கள் பங்கு.

படி 1: பூனையைத் தேர்ந்தெடுப்பது

வயது 1 முதல் 8 வரை, எடை 4.5 கிலோவாவது இருக்க வேண்டும், ஆனால் தொப்பையால் வந்த எடையாக இருக்கக் கூடாது. தடுப்பூசி போட்டது, இதுவரை ரத்தம் ஏற்றாதது. இதையெல்லாம்விட முக்கியம், வெளியே போகாத பூனையா என்பது. ஓட்டு வீடும் கொல்லையுமாக இருக்கிற நம் தெருக்களில் அது லேசான காரியமில்லை. எஃப்ஐவி (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) சண்டைக் கடியில் பரவுகிறது, எஃப்இஎல்வி (பூனைக்கு ரத்தப் புற்றுநோய்கூட வரவைக்கும் வைரஸ்) எச்சிலில், ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதில்கூட. பார்ட்டொனெல்லா என்ற பாக்டீரியா தெள்ளுப்பூச்சியால் வருவது. ஆகவே மீன் மார்க்கெட்டில் சுற்றும் கடுவன் எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

படி 2: கிட் டெஸ்ட்

இது கிளினிக்கிலேயே செய்யும் ரெடிமேட் டெஸ்ட். சில சொட்டு ரத்தம் போதும், பத்து நிமிடம் போல ஆகும். ஒரே கிட்டில் எஃப்இஎல்வியின் ஆன்டிஜெனையும் (வைரஸின் புரதம்) எஃப்ஐவிக்கு எதிரான ஆன்டிபாடியையும் (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) பார்க்கலாம். புதிதாகத் தொற்றியிருந்தால் நெகட்டிவ் என்றே காட்டும், எனவே சமீபத்தில் வெளியே போன பூனையை இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து மறுபடி பாருங்கள். பாசிட்டிவ் வந்தால் பதறாதீர்கள், இன்னொரு முறையில் உறுதிசெய்யச் சொல்லுங்கள். உறுதியானால் அது ரத்தம் கொடுக்கக் கூடாது. எஃப்ஐவி என்றால் வீட்டில் நன்றாகவே வாழலாம், எஃப்இஎல்வி ஆயுளைக் குறைக்கலாம்.

படி 3: பிசிஆர்

கிருமியின் மரபுப்பொருளை லேபில் தேடும் டெஸ்ட் இது. பலரும் கிட்டோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. சில பூனைகளின் உடம்பு எஃப்இஎல்வியை அடக்கி வைத்திருக்கும், ரத்தத்தில் ஆன்டிஜென் இருக்காது, கிட் நெகட்டிவ் காட்டும், ஆனால் வைரஸின் மரபுப்பொருள் செல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் (இதுதான் புரோவைரஸ்). அந்த ரத்தத்தை ஏற்றினால் வாங்கும் பூனைக்கு நோய் வரலாம். இதைப் பிடிக்க எஃப்இஎல்வி புரோவைரஸ் பிசிஆர் வேண்டும். கூடவே சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டு சோகை உண்டாக்கும் மைக்கோப்ளாஸ்மா ஹீமோஃபெலிஸ் வகைகளுக்கும் பார்ட்டொனெல்லாவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். மைக்ரோஸ்கோப் ஸ்லைடில் மைக்கோப்ளாஸ்மா தெரியவில்லை என்பதை நம்ப வேண்டாம், கிருமி ரத்தத்தில் வந்து வந்து போகும்.

ஊதா மூடி இடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாமல் காக்கும் குழாய்) ரத்தம் எடுத்து, ஐஸ் பேக்கோடு அனுப்ப வேண்டும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், ஐஸ் நேராகக் குழாயில் படவும் கூடாது. டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் பிசிஆர் ஏமாற்றிவிடும், முடிந்த பிறகு எடுங்கள். எந்த லேப் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம் இருப்பவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம், போன் செய்துவிட்டுப் போங்கள்.

படி 4: ரத்த வகை

ஏ, பி, ஏபி. பி வகைப் பூனைக்கு ஏ ரத்தம் கொஞ்சம் ஏறினாலே உயிர் போகலாம், அதனால் இரண்டு பூனைக்கும் வகை பார்க்காமல் ஏற்ற விடாதீர்கள்.

படி 5: அப்புறம்

ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை எல்லா டெஸ்டையும் திரும்ப எடுங்கள். ரத்தம் கொடுக்கும் அன்று கிட்டையும் சிவப்பணு அளவையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒருநாள் கொல்லைக்கதவு வழியாக ஓடிப்போய்த் திரும்பி வந்தால் கணக்கு முதலிலிருந்துதான். தெள்ளுப்பூச்சி மருந்தை மாதாமாதம் போடுங்கள், ஆனால் பூனைக்கென்று எழுதியிருப்பதை மட்டும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.